முகம் தெருவுக்கு, முதுகு மண்ணுக்கு

அமெரிக்கப் பழைய நகரங்களில் 'ஹிஸ்டாரிக் டிஸ்ட்ரிக்ட்' என்று அறிவிக்கப்பட்ட குடியிருப்புகள் உண்டு. மரபுப் பகுதி என்று வைத்துக்கொள்வோம். அங்கே மேட்டில் ஒரு வீடு. முற்றத்து மண் நடைபாதையில் சரியாமல் ஆளுயரக் கற்சுவர் ஒன்று நூறு வருஷத்துக்கு மேலாகப் பிடித்து நிறுத்தியிருக்கிறது. இப்போது அது வயிறு தள்ளி நிற்கிறது. நகராட்சியின் கட்டடப் பிரிவு, "நடப்பவர்களுக்கு ஆபத்து, உடனே சரிசெய்யுங்கள்" என்கிறது. அதே நகராட்சியின் மரபுப் பாதுகாப்பு ஆணையமோ, "எங்களைக் கேட்காமல் ஒரு கல்லையும் எடுக்காதீர்கள்" என்கிறது. வீட்டுக்காரர் நிலை மத்தளம் மாதிரி. இரண்டு பக்கமும் இடி.

இந்த இடத்தில் பலர் கோபப்பட்டு ஆணையத்தோடு சண்டைக்குப் போவார்கள், அல்லது மனம் வெறுத்துப்போய் ஒரு கான்கிரீட் ஆளைக் கூப்பிட்டு ராவோடு ராவாக இடித்துவிடுவார்கள். இரண்டும் தேவையில்லை என்பது என் கட்சி. ஏனென்றால் அந்த இரண்டு அலுவலகங்களும் பேசுவது ஒரே சுவரைப் பற்றியே அல்ல. ஆணையம் கவலைப்படுவது சுவரின் முகத்தைப் பற்றி. அதாவது தெருவில் போகிறவர் பார்க்கும் கல், கல்லுக்கு நடுவே உள்ள சாந்து, மேல் வரிசை, உயரம், சாய்வு. பொறியாளர் கவலைப்படுவது முதுகைப் பற்றி. அதாவது யாரும் பார்க்காத மண், தண்ணீர், அஸ்திவாரம். சுவர் விழுவது பெரும்பாலும் முதுகுப் பக்கக் கோளாறால்தான். அந்தப் பக்கம் என்ன செய்தாலும் ஆணையத்துக்கு அநேகமாக ஆட்சேபம் இருக்காது. இந்த ஒரு விஷயம் பிடிபட்டுவிட்டால் பாதி வழக்கு தீர்ந்தது.

முதலில், ஒரு வெறும் மண்தாங்கிச் சுவருக்கு ஏன் இவ்வளவு மரியாதை? வீடு அழகானது, பழையது, சரி. சுவரில் என்ன இருக்கிறது?

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்க நகரங்கள் வளர்ந்தபோது, குதிரை வண்டி ஏறுவதற்கும் பிறகு டிராம் ஓடுவதற்கும் ஏற்றபடி தெருக்களை வெட்டித் தாழ்த்தினார்கள். கான்சாஸ் சிட்டியில் கரை மேடுகளைப் பிளந்து தெரு போட்டதில் ஊருக்கே 'கல்லிடவுன்', அதாவது பள்ளத்தூர், என்று கேலிப்பெயர் விழுந்தது. தெரு கீழே போனது; வீட்டு மனை மேலேயே நின்றது. நடுவில் வந்ததுதான் இந்தச் சுவர். ஒரு வீதி முழுக்க ஒரே குவாரிக் கல், ஏறக்குறைய ஒரே உயரம், அங்கங்கே படிக்கட்டுக்கு இடைவெளி. தெருவில் நடப்பவருக்கு வீட்டைவிட முதலில் கண்ணில் படுவது சுவர். வீட்டின் முகப்பு பத்துப் பன்னிரண்டு அடி உள்ளே தள்ளி இருக்கிறது. சுவரோ தோளை உரசுகிறது. வரிசையில் ஒரு வீட்டுக்காரர் மட்டும் வழவழ கான்கிரீட் வைத்தால், வரிசைப் பற்களில் ஒன்றுக்கு மட்டும் வெள்ளி உறை போட்ட மாதிரி ஆகிவிடும்.

சட்டத்தைப் பற்றிக் கொஞ்சம். தெற்குக் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரம் 1931-ல் ஒரு பழைய வட்டாரத்தையே பாதுகாக்கும் விதி கொண்டுவந்தது. அமெரிக்காவில் அதுதான் முதல். அடுத்து நியூ ஆர்லியன்ஸ் தன் பிரெஞ்சுக் குடியிருப்புக்கு அதே போல ஒரு ஆணையம் அமைத்தது. நியூயார்க்கின் பென்சில்வேனியா ரயில் நிலையத்தை 1963-ல் இடிக்கத் தொடங்கியபோது எழுந்த கொதிப்பின் பின்னணியில் 1966-ல் தேசிய வரலாற்றுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தில் பிறந்ததுதான் 'நேஷனல் ரெஜிஸ்டர்' என்னும் தேசியப் பட்டியல்.

இங்கேதான் ஒரு குழப்பம். தேசியப் பட்டியலில் உங்கள் தெரு இருப்பதாலேயே நீங்கள் சொந்தக் காசில் சுவரை மாற்றுவதை யாரும் தடுக்க முடியாது. கூட்டரசின் பணமோ உரிமமோ கலந்தால்தான் அந்தப் பட்டியல் பேசும். கையைக் கட்டிப்போடுவது உள்ளூர் நகராட்சி தனியாக அறிவித்த மரபுப் பகுதி. பல தெருக்கள் இரண்டிலுமே இருக்கும். சில ஒன்றில் மட்டும் இருக்கும். நகராட்சித் திட்டப் பிரிவுக்கு ஒரு போன் அடித்தால் எது என்று தெரிந்துவிடும். அதைச் செய்யாமலேயே மாதக்கணக்கில் பயந்து கிடப்பவர்கள் உண்டு. பயமே இல்லாமல் இடித்துவிட்டு அபராதம் கட்டுபவர்களும் உண்டு.

உள்ளூர்ப் பகுதி என்றால் வேலைக்கு முன் ஒரு 'பொருத்தச் சான்று' வாங்க வேண்டும். செய்யப்போகும் மாற்றம் வட்டாரத்தின் தோற்றத்துக்குப் பொருந்தும் என்று ஆணையம் தரும் அனுமதி அது. அதை வழங்க ஆணையங்கள் அநேகமாக எடுத்துவைத்துப் பார்ப்பது, உள்துறை அமைச்சகத்தின் பெயரில் 1970-களில் வெளியாகிப் பின்னர் திருத்தப்பட்ட பத்து நெறிகளை. சுவருக்கு முக்கியமானது ஆறாவது. பழுதானதைச் செப்பனிடு, மாற்றாதே. மாற்றியே தீர வேண்டிய அளவுக்குக் கெட்டிருந்தால், புதியது பழையதோடு வடிவம், நிறம், மேற்பரப்பு ஆகியவற்றில் ஒத்துப்போகட்டும். முடிந்தால் பொருளும் அதுவாகவே இருக்கட்டும். சாரம் இவ்வளவுதான். அதே கல்லை அதே மாதிரி திரும்ப அடுக்குகிறேன் என்று விண்ணப்பித்தால், பல ஊர்களில் ஆணையக் கூட்டம் வரை போகாமல் அலுவலர் மட்டத்திலேயே கையெழுத்தாகிவிடும்.

ஒன்பதாவது நெறியைக் காட்டிச் சிலர் வாதாடுவார்கள். புதிய வேலை பழையதிலிருந்து வேறுபட்டுத் தெரிய வேண்டும் என்கிறது அது. அப்படியானால் நவீன பிளாக் வைத்தால் வேறுபட்டுத்தானே தெரிகிறது என்பார்கள். கெட்டிக்கார வாதம்தான். ஆனால் அந்த நெறி கூடுதலாகச் சேர்க்கும் கட்டுமானத்துக்கும் புதிய மாற்றங்களுக்கும் உரியது. விழுந்த பல்லை அதே இடத்தில் கட்டுவது ஆறாவது நெறியின் எல்லை.

சரி, முதுகுப் பக்கம் போவோம்.

மண் சுவரைத் தள்ளுகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு என்பதைக் கணக்காக்கியவர் பிரெஞ்சு ராணுவப் பொறியாளர் கூலும். ஆம், மின்னூட்டத்துக்கு அலகாக இருக்கிறாரே, அவரேதான். கரீபியத் தீவான மார்ட்டினிக்கில் கோட்டை கட்டிவிட்டுத் திரும்பியவர், 1773-ல் பாரிஸ் அறிவியல் கழகத்தில் இதைப் பற்றி ஒரு கட்டுரை வாசித்தார். மின்சாரத்தைத் தொட்டது பிறகுதான்.

தள்ளுவிசை ஆழம் போகப் போகக் கூடுகிறது. மேலே கிட்டத்தட்ட ஒன்றுமில்லை, அடியில் அதிகம். அதனால் மொத்த விசை உயரத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறும். சுவரைக் குப்புறத் தள்ளும் முறுக்கம் மும்மடிக்கு ஏற்ப ஏறும். ஒரு மீட்டர் சுவரை இரண்டு மீட்டராக உயர்த்தினால் தள்ளுவிசை நாலு மடங்கு, குப்புறத் தள்ளும் முறுக்கம் எட்டு மடங்கு. 'பக்கத்து வீட்டுக்காரர் தானே கட்டினார், நன்றாகத்தானே நிற்கிறது' என்பதில் உயரம் என்ன என்று கேட்க வேண்டியிருப்பது இதனால்தான்.

இதில் தண்ணீரைச் சேருங்கள். நன்றாக வடிந்த மணற்பாங்கான மண் என்றால், இரண்டு மீட்டர் உயரச் சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் ஏறத்தாழ 1.2 டன் தள்ளும். அதே மண்ணில் வடிகால் அடைத்துப்போய் நீர் மேல்மட்டம் வரை தேங்கினால் அது 2.6 டன் அளவுக்குப் போகும். மண்ணின் தள்ளுவிசை மிதப்பால் குறைகிறது என்றாலும், தண்ணீர் தன் முழு எடையோடு பக்கவாட்டில் அழுத்துவதால் மொத்தம் இரண்டு மடங்கையும் தாண்டுகிறது. குளிர்ப் பிரதேசமானால் இன்னொன்றும் உண்டு. தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பருக்கிறது. ஒவ்வொரு குளிர்காலமும் சுவரை முன்னால் ஒரு மயிரிழை நகர்த்தும். வெயில் வந்தால் அது திரும்பிப் போகாது.

அப்படியானால் நூறு வருஷம் எப்படி நின்றது? ஒழுகிக்கொண்டே இருந்ததால் நின்றது. பழைய கற்கட்டில் சாந்து இருக்காது, இருந்தாலும் மிருதுவான சுண்ணாம்புச் சாந்தாக இருக்கும். மழைநீர் கல் இடுக்கு வழியாக வடிந்து நடைபாதைக்கு வந்துவிடும். சுவர் முழுவதுமே ஒரு வடிகட்டி.

பிறகு யாரோ ஒரு புண்ணியவான், அநேகமாக நல்லெண்ணத்தோடு, இடுக்குகளைச் சிமெண்டால் அடைத்தார். சுவர் கச்சிதமாகத் தெரிந்தது. தண்ணீருக்கு வழி போயிற்று.

பழைய சுவரைக் கொன்றது எது என்று கேட்டால் என் பதில் வயது அல்ல, அந்தச் சிமெண்ட் பூச்சுதான். இன்று நாம் வெறுமனே சிமெண்ட் என்று சொல்லும் போர்ட்லாந்து சிமெண்டுக்கு இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை வாங்கியது 1824-ல். அமெரிக்காவிலேயே அதைத் தயாரிக்க டேவிட் செய்லர் பென்சில்வேனியாவில் காப்புரிமை பெற்றது 1871-ல். அதற்கு முன் கட்டிய சுவரில் இருப்பது சுண்ணாம்பு, அல்லது சுண்ணாம்பைவிடச் சற்றே கடினமான இயற்கைச் சிமெண்ட். கடினமான சாந்தை மென்மையான மணற்கல்லுக்கோ பழைய செங்கல்லுக்கோ நடுவில் வைத்தால், வெப்பத்தில் விரிந்து சுருங்கும் அழுத்தத்தைச் சாந்து வாங்காது, கல் வாங்கும். ஈரமும் சாந்து வழியே உலர முடியாமல் கல் வழியே உலரும், கல்லில் உப்புப் பூக்கும். சில வருஷத்தில் கல்லின் முகம் தோல் உரிந்தாற்போல் உதிர, சிமெண்ட் வரிகள் மட்டும் சிலந்தி வலை மாதிரி துருத்திக்கொண்டு நிற்கும். சாந்து தேயலாம், பல பத்தாண்டுகளுக்கு ஒருமுறை புதிதாக வைத்துக்கொள்ளலாம். கல்லைப் புதிதாக வைக்க முடியாது.

அமெரிக்கக் கொத்தனார்கள் சாந்தை எம், எஸ், என், ஓ, கே என்று ஐந்து ரகமாகச் சொல்வார்கள். 'மேசன் வொர்க்' என்ற ஆங்கிலச் சொற்களில் ஒன்றுவிட்டு ஒன்றாக எடுத்த எழுத்துகள் அவை. எம் ரகம் 28 நாளில் ஒரு சதுர அங்குலத்துக்கு 2,500 பவுண்டு தாங்கும். ஓ 350, கே வெறும் 75. கடைக்குப் போனால் கையில் கிடைப்பது என்னவோ எஸ் ரகம், 1,800. 'பலமானதாகவே இருக்கட்டும்' என்று அதை வாங்கிவந்து பழைய சுவரில் அடைப்பதுதான் வழக்கமான தவறு. எவ்வளவு பலம் என்பதைவிட, கல்லைவிட மென்மையா என்பதே கேள்வி. ஆணையம் சுண்ணாம்புச் சாந்து கேட்டால் அது அழகுக்காக மட்டும் என்று நினைக்க வேண்டாம். இந்த ஒரு விஷயத்தில் மரபு ஆணையமும் பொறியியலும் ஒரே கட்சி.

இனி ஒரு சுவரைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். ஒரு தூக்குக்குண்டு, ஒரு அளவுநாடா, ஒரு சின்னச் சுத்தியல், இவை போதும். சுவரின் உச்சியிலிருந்து நூலைத் தொங்கவிட்டு, ஒவ்வோர் அடிக்கும் நூலுக்கும் கல்லுக்கும் உள்ள இடைவெளியைக் குறித்துக்கொள்ளுங்கள். சுவர் முழுசாக வெளியே சாய்ந்திருந்தால் அஸ்திவாரம் அமுங்கியிருக்கிறது, அல்லது மொத்தச் சுவரும் சுமை தாங்காமல் குப்புறக் கிளம்பியிருக்கிறது. அடியும் உச்சியும் இடத்தில் இருக்க, நடுவுக்குக் கீழே மட்டும் வயிறு தள்ளியிருந்தால் கதை வேறு. முகக் கல்லும் உள் கல்லும் பிரிந்துவிட்டன என்று பொருள். சுத்தியலால் தட்டிப் பாருங்கள். திடமான இடத்தில் 'ணங்' என்னும். பிரிந்த இடத்தில் ஓட்டைப் பானையைத் தட்டியது போல் 'டொக்' என்னும்.

பழைய கற்சுவர் பலவற்றில் முன்னே ஒரு அடுக்கு, பின்னே ஒரு அடுக்கு, நடுவே துண்டுக் கல் திணிப்பு. இரண்டையும் கோக்க அங்கங்கே சுவரின் முழு அகலத்துக்கும் நீண்ட குறுக்குக் கற்கள் வேண்டும். கட்டியவர் அதில் சிக்கனம் பார்த்திருந்தால், தண்ணீர் நடுத் திணிப்பை அரித்து அடியில் இறக்கும். இறங்கிய துண்டுகள் ஆப்பு மாதிரி முகத்தை வெளியே தள்ளும்.

இப்படியே நிமிர்ந்து வீட்டுக் கூரையைப் பாருங்கள். மழைநீர்க் குழாய் எங்கே இறங்குகிறது? பாதி வீடுகளில் அது முற்றத்து மண்ணுக்குள் நேராகப் போய் மறையும். அடியில் இருந்த மண்குழாய் எப்போதோ உடைந்திருக்கும். கூரையில் விழும் மழை முழுவதும் சுவரின் முதுகில். எந்தச் சுவரையும் இடிப்பதற்கு முன் அந்தக் குழாயை வேறு பக்கம் திருப்பிவிட்டு ஒரு மழைக்காலம் பார்க்கலாம். நூலின் அளவு மாறாமல் நின்றால் திரும்பக் கட்டவே தேவையில்லாமலும் போகலாம்; இடுக்குச் சாந்தை மாற்றினால் போதும். இதை எந்தக் கான்ட்ராக்டரும் முதல் யோசனையாகச் சொல்லமாட்டார்.

கண்ணுக்குத் தெரியாத குழாய்கள் என்ன செய்யும் என்பதற்கு ஹாங்காங்கில் ஒரு கசப்பான பாடம் உண்டு. 1994 ஜூலை 23 அன்று பெருமழைக்குப் பின் குவுன் லுங் லாவ் குடியிருப்பை ஒட்டிய பழைய கற்சுவர் இடிந்து ஐந்து பேர் இறந்தார்கள். விசாரணையில் இரண்டு விஷயம் தெரிந்தது. புதைகுழாய்கள் கசிந்து மண்ணை ஊறவைத்திருந்தன. சுவரோ, முகத்தைப் பார்த்து மதிப்பிட்டதைவிட மிக மெல்லியதாக இருந்தது. முகத்தைப் பார்த்துக் கனத்தைச் சொல்லிவிட முடியாது. அதனால் பழைய சுவரில் ஓரிரு இடத்தில் சிறு துளையிட்டோ, பின்னால் ஒரு குழி தோண்டியோ உண்மையான தடிமனை அளந்த பிறகே கணக்குப் போட வேண்டும். தன் எடையால் நிற்கும் சுவருக்கு அடியகலம் உயரத்தில் பாதியிலிருந்து முக்கால் பங்குக்குள் இருக்கும் என்பது தோராயக் கணக்கு. இரண்டு மீட்டர் சுவர் நாற்பது சென்டிமீட்டர்தான் இருக்கிறது என்றால், இதுவரை நின்றதே மண்ணின் கருணை.

அப்புறம், பிரித்துக் கட்டியே தீர வேண்டும் என்று முடிவானால் வேலை கேமராவில் தொடங்குகிறது. சுவரின் மேல் ஒரு மீட்டர் இடைவெளியில் கயிற்றுக் கட்டம் போட்டு, அளவுகோலை நிறுத்தி, ஒவ்வொரு கட்டத்தையும் நேர் எதிரே நின்று படம் எடுக்க வேண்டும். முகக் கற்களின் பின்புறத்தில் எண் எழுத வேண்டும். முன்புறத்தில் சாக்கட்டியால் எழுதினாலே போதும் என்பார்கள். முதல் மழையில் போய்விடும். எண்ணிட்ட கற்களை முற்றத்தில் அதே வரிசையில் படுக்க வைக்க வேண்டும். சாந்தில் கொஞ்சம் எடுத்துப் பையில் போட்டு வையுங்கள். அதை அமிலத்தில் கரைத்தால் சுண்ணாம்பு போய் மணல் மட்டும் அடியில் தங்கும். சாந்தின் நிறம் என்பது அநேகமாக மணலின் நிறம்தான். அதே மணல் கிடைத்துவிட்டால் நிறம் தானே வந்து சேரும், சாயம் கலக்க வேண்டாம்.

பிரித்த கல் ஒன்றைக்கூட லாரியில் ஏற்றவிடக் கூடாது. அந்தக் குவாரி மூடிப் பல காலம் ஆகியிருக்கும். கொஞ்சம் உடைசலாக இருந்தாலும் உள் அடுக்குக்கு ஆகும். திடீரென்று சுவர் விழுந்துவிட்டால் அவசரத்துக்கு மண்ணை முட்டுக்கொடுத்து நிறுத்தக் கட்டடப் பிரிவு வழிவிடும். அப்போதும் நடைபாதையில் கிடக்கும் கல் உங்கள் முற்றத்துக்குத்தான் போக வேண்டும், குப்பைக்கிடங்குக்கு அல்ல.

கட்டும்போது பெரும்பாலும் நடக்கும் தவறு ரசமட்டத்தால் வருகிறது. புதிய கொத்தனார் சுவர் என்றாலே செங்குத்து என்று பழகியவர். மட்டம் வைத்து, குமிழியை நடுவில் நிறுத்தி, நேராக எழுப்பிவிடுவார். பழைய சுவர் நேராக இருந்ததே இல்லை. மேலே போகப் போக மண்பக்கம் சாய்ந்திருக்கும், ஆறடிக்கு அரையடி, ஓரடி என்று. அந்தச் சாய்வு அலங்காரம் அல்ல. 1834-ல் ஜான் பர்கோய்ன் என்ற ராணுவப் பொறியாளர் டப்ளின் அருகே கிங்ஸ்டவுனில், இன்றைய டன் லேரியில், ஒரு சோதனை செய்தார். நாலு சுவர். ஒவ்வொன்றும் 20 அடி உயரம், 20 அடி நீளம், செலவான கல்லின் அளவும் ஒன்றே, சாந்து கிடையாது. வித்தியாசம் குறுக்குவெட்டு வடிவத்தில் மட்டும். பின்னால் மண்ணைக் கொட்டிக்கொண்டே போனார். முகம் செங்குத்தாக இருந்த இரண்டு சுவர்களும் 17 அடி மண் ஏறியபோது விழுந்தன. முகம் பின்னால் சாய்ந்திருந்த இரண்டும் முழு 20 அடிக்கும் நின்றன. கல் அதே, ஆள் அதே, சாய்வு மட்டும் வேறு.

ஆகவே பழைய சாய்வை அளந்து, இரண்டு முனையிலும் மரச்சட்டத்தை அதே சாய்வில் நட்டு, நடுவே நூல் கட்டி, அந்த நூலுக்குக் கட்டச் சொல்லுங்கள். ஆணையத்துக்கு வேண்டிய தோற்றமும் பொறியாளருக்கு வேண்டிய பலமும் அந்த நூலில் சேர்ந்தே கிடைக்கின்றன. சாந்தில்லாமல் கல் அடுக்கும் இந்தக் கைவேலையை யுனெஸ்கோ 2018-ல் மனிதகுலத்தின் தொட்டறிய முடியாத மரபுப் பட்டியலில் சேர்த்தது. குரோஷியாவிலிருந்து ஸ்பெயின் வரை எட்டு நாடுகள் சேர்ந்து விண்ணப்பித்திருந்தன. தெரிந்த ஆள் இன்றும் கிடைக்கிறார், தேட வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

தலைவலி இடம்தான். சுவரைப் பிரித்தால் பின்னால் உள்ள மண் நிற்காது. அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்பு விதிப்படி, உள்ளே ஆள் இறங்கி வேலை செய்யும் பள்ளம் 5 அடியோ அதற்கு மேலோ ஆழமானால் பாதுகாப்பு ஏற்பாடு வேண்டும். தளர்ந்த மண்ணானால் ஒரு அடி ஆழத்துக்கு ஒன்றரை அடி என்று சரித்து வெட்ட வேண்டும். இரண்டு மீட்டர் சுவருக்கு மூன்று மீட்டர் உள்ளே போகும். அங்கே வீட்டு வராந்தாவின் தூண் நிற்கும், அல்லது எண்பது வயது மரம் நிற்கும். அதனால் முழுச் சுவரையும் ஒரே நாளில் இறக்காமல், மூன்று நாலு மீட்டர் துண்டுகளாக ஒன்றுவிட்டு ஒன்று பிரித்துக் கட்டிக்கொண்டு போவது வழக்கம். மெதுவான வேலைதான். பக்கத்து மண் அதற்குள் காய்ந்து தன்னைத் தானே பிடித்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையில் செய்வதல்ல; இருபுறமும் கல் நிற்கும்போது நடுவில் வெட்டிய மண் தோள் கொடுக்க ஆளிருப்பது போல நிற்கிறது.

சில இடத்தில் பழைய தடிமன் கணக்குக்குப் போதவே போதாது. அகலப்படுத்த இடமும் இல்லை. அங்கே பின்னால் இரும்புக் கம்பியிட்ட கான்கிரீட் சுவர், முன்னால் பழைய கல் என்ற கலப்பு வருகிறது. தூய்மைவாதிகளுக்குப் பிடிக்காது. எனக்கு இதில் ஆட்சேபம் இல்லை, ஒரு நிபந்தனையோடு: பழைய கல்லை மூன்று அங்குலப் பலகையாக அறுத்து ஓடு மாதிரி ஒட்டக் கூடாது, முழுக் கனத்தோடு அடுக்க வேண்டும். அறுத்து ஒட்டினால் முனையில் திரும்பும் இடத்தில் குட்டு வெளிப்படும். மேல் வரிசையில் கல் எவ்வளவு மெல்லியது என்று நடைபாதையிலிருந்தே தெரியும். தவிர, கான்கிரீட்டுக்கும் கல்லுக்கும் நடுவில் புகும் நீர் உறைந்து ஒட்டியதைப் பிய்த்துவிடும். முழுக் கல்லானால் நடுவில் ஒரு வடிகால் இடைவெளி விட்டு, துருப்பிடிக்காத எஃகுக் கொக்கியால் அங்கங்கே பிணைத்துவிடலாம்.

எல்லாப் பழைய சுவரும் கல் என்று நினைக்க வேண்டாம். ஹார்மன் பாமர் 1900-ல் கான்கிரீட் பிளாக் வார்க்கும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றபின், கல் மாதிரி முகம் கரடாக வார்த்த பிளாக்குகள் நாடெங்கும் பரவின. சியர்ஸ் நிறுவனத்தின் தபால் விற்பனைப் பட்டியலிலேயே அந்த இயந்திரம் கிடைத்தது. வீட்டு முற்றத்திலேயே வார்த்தார்கள். அந்தக் காலத்துப் போலிக் கல் இன்று அசல் மரபு. தேசியப் பட்டியலுக்குப் பொதுவாக 50 வயது என்பது அளவுகோல். அந்தக் கணக்கில், பழைய கல்லை எடுத்துவிட்டு 1970-களின் தொடக்கத்தில் யாரோ வைத்த அசிங்கமான சுவருக்கும் வயது வந்துவிட்டது. அதையும் பாதுகாக்க வேண்டுமா என்று ஆணையத்தில் விவாதம் நடந்தால் சிரிக்காதீர்கள். அந்த வட்டாரம் எந்தக் காலத்துக்காக முக்கியம் என்று அறிவித்தார்களோ, அந்தக் காலத்துக்குள் அது வருகிறதா என்பதே அங்கே கேள்வி.

சின்னச் சின்ன விதிகள் சில. பல ஊர்களில் 4 அடி வரையுள்ள சுவருக்குக் கட்டட அனுமதி வேண்டாம். ஆனால் அந்த 4 அடியை அஸ்திவாரத்தின் அடியிலிருந்து அளக்கிறார்கள், நடைபாதையிலிருந்து அல்ல. கண்ணுக்கு மூன்றடி தெரிகிற சுவர் கணக்கில் நாலரை ஆகிவிடும். மேலே கார் நிறுத்துமிடம் போன்ற சுமை இருந்தால் அந்தச் சலுகையும் போய்விடும். கட்டட அனுமதி வேண்டாம் என்பதால் பொருத்தச் சான்றும் வேண்டாம் என்று ஆகிவிடாது. இரண்டும் வேறு மேசை. நடக்கும் தளத்தின் விளிம்பு 30 அங்குலத்துக்கு மேல் உயரமானால் கைப்பிடிக் கம்பி கேட்பார்கள். அதைச் சுவரின் உச்சிக் கல்லில் துளையிட்டு நடாமல், ஓரடி உள்ளே தள்ளி மண்ணில் தனிக் காலில் நிறுத்தினால் கல்லும் பிளக்காது, தெருவிலிருந்து பளிச்சென்றும் தெரியாது. காப்பீட்டை நம்ப வேண்டாம். வழக்கமான வீட்டுக் காப்பீட்டில் மண் நகர்வும், தாங்குசுவரை நீரோ பனியோ அழுத்திக் கெடுப்பதும் விலக்குப் பட்டியலில் இருக்கும்.

கடைசியில் மண்ணை நிரப்பும் வேலை. முகம் அழகாக எழுந்துவிட்டால் எல்லோருக்கும் அலுப்பு வந்துவிடும். தோண்டிய மண்ணையே வாரி உள்ளே தள்ளிவிடத் தோன்றும். களிமண்ணானால் அங்கேயே அடுத்த வயிற்றுக்கு விதை போட்டாயிற்று. சுவரின் முதுகோடு ஒட்டி ஓரடி அகலத்துக்குத் தூசியில்லாத ஜல்லி, அதற்கும் மண்ணுக்கும் நடுவே மண்ணை விடாமல் நீரை மட்டும் விடும் ஜியோடெக்ஸ்டைல் துணி, அடியில் நாலங்குலத் துளைக் குழாய், அது ஓடி வெளியே திறக்க ஒரு வாய். துளைகள் கீழ்நோக்கி இருக்க வேண்டும். மேல்நோக்கி வைத்தால் குழாய்க்குள் வண்டல்தான் சேரும். ஜல்லியின் தலையில் ஒரு சாண் களிமண் மூடி, அதில் சுவரைவிட்டு விலகி ஓடும் லேசான சரிவு. ஆணையத்தின் வரைபடத்தில் இவை எதுவும் இருக்காது, கேட்கவும் மாட்டார்கள். நிரப்பும் நாளில் வீட்டுக்காரர் கூடவே நின்று பார்க்க வேண்டும், துணி போடும் முன்னும் பின்னும் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். அடுத்து எப்போதாவது இந்தச் சுவரைத் திறப்பவருக்கு அந்தப் படங்கள் உதவும்.

வேலை முடிந்து முதல் பெருமழை அன்று குடையை எடுத்துக்கொண்டு கீழே போய் அந்தக் குழாய் வாயைப் பாருங்கள். தெளிந்த நீர் ஓடினால் சரி. கலங்கலாக வந்தால் துணி எங்கோ விலகி மண் கரைந்து வெளியேறுகிறது. ஒன்றுமே வரவில்லை என்றால் அதுதான் மோசம். தண்ணீர் இன்னும் உள்ளேதான் இருக்கிறது.